நாளைய பக்கங்கள்

“நாளைக்குக் காலையில உங்க மனசு தெளிஞ்ச தண்ணி மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, மாமா.”

“ஆமா.”

“நாளைக்கு இன்னும் வரலையே.”

“வராம எங்க போயிடப் போகுது?”

மச்சினி நோட்டின் பக்கங்களைத் திருப்பினாள். நாளை மறுநாளும் தெளிந்த தண்ணீர். அதற்கடுத்த நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ‘லேசான முதுகுவலி, பின்பு சரியாகிவிட்டது’ என்று இருந்தது. சனிக்கிழமை தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அதன் கீழே ‘மேற்பார்வையாளர் கையொப்பம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தார். அந்தக் கையெழுத்தை வாங்கத்தான் நோட்டையே அவளிடம் நீட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை முதுகு வலிக்கப் போவது இப்போதே எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே என்றார் அவர், குழந்தைக்கு விளக்குவது போல.

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். எழும்புகிற கட்டடத்தைவிட எப்போதும் நாலு மாடி உயரமாக நிற்குமே, ஒற்றைக் கையை நீட்டிய மஞ்சள் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவர். பறவைகளின் முதுகைப் பார்த்துப் பழகியவர். வேலையிடத்தில் அவருக்கு மேலண்ணன் என்று பெயர். கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில், “மேலண்ணே, கம்பிக்கட்டு ரெடி” என்பார். வானத்திலிருந்து கொக்கி மெல்ல இறங்கி வரும். இப்போது ஒரு வாரமாக மேலண்ணன் தரையில், சாமான் ஸ்டோரில் இருந்தார். அதே சிக்னல்காரர் அவரைக் ‘கீழண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். உற்ற நண்பர் என்பதால் அந்த உரிமை.

நடந்தது இதுதான். கிரேன் ஓட்டுபவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்தகுதிச் சீட்டு வேண்டும். வழக்கமாக வரும் டாக்டர் நல்ல மனிதர், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல எப்போதும் அவசரம். ஆளை ஏற இறங்கப் பார்த்தே பிரஷரை எழுதிவிடுவார். “நம்ம மூஞ்சியிலேயே அவருக்கு முள்ளு ஓடுது” என்பார் சிக்னல்காரர். மேலண்ணனின் முகத்தில் பத்தொன்பது வருடமாக நூற்றிருபதுக்கு எண்பதுதான் ஓடியது. இந்தத் தடவை அந்த டாக்டர் விடுமுறையில் போய்விட, பதிலாக வந்த டாக்டரம்மா ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மேலண்ணனுக்கு நூற்று அறுபத்தெட்டு. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். நூற்று எழுபது. ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, உடம்பையும் மனதையும் கொஞ்சம் தளர்த்தும்படி சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுசோதனை. நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால்தான் கேபின்.

அடுத்த மாதம் முதல் தேதி, ஆற்றின் அக்கரையில் முப்பத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று தொடங்கவிருந்தது. அதற்குப் புத்தம் புதிய கிரேன். அவர் வாழ்நாளில் ஏறப்போகும் மிக உயரமான கேபின் அது. அன்றைக்குச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் ஏறுவார். இல்லையென்றால் தற்காலிகமாக வந்திருக்கும் மீசைக்காரருக்கு அது நிரந்தரமாகிவிடும். இவருக்கு ஸ்டோர் நிரந்தரம். கையுறை எத்தனை ஜோடி, ஹெல்மெட் எத்தனை என்று தலைக்கு மேலே தகரக் கூரை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். செய்தியைக் கேட்டதும் மெஷினை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னாள். “என் தங்கச்சி கிளாஸுக்குப் போங்க. சும்மா காலை நீட்டிப் படுக்கறதுக்குக்கூட அங்க ஒரு ஆசனம் வச்சிருக்கா. உங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு.”

தங்கச்சி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காலை ஆறிலிருந்து ஏழு வரை, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் யோகா சொல்லிக்கொடுத்தாள். எட்டுப் பாய்கள், ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி. கீழே கடைக்காரர் காற்றடிக்கும் ‘உஸ்... உஸ்...’ சத்தம் மேலே கேட்கும். அதையே தாளமாக வைத்து மூச்சுப் பயிற்சி நடக்கும். அவளுடைய வகுப்பில் ஒரு விசேஷம் உண்டு. நாற்பது நிமிடம் ஆசனம், பத்து நிமிடம் படுத்துக் கிடப்பது, கடைசிப் பத்து நிமிடம் எழுதுவது. உடம்பு என்ன சொன்னது, மனசு என்ன சொன்னது என்று அவரவர் நோட்டில் எழுத வேண்டும். சொன்னது காற்றோடு போய்விடும், எழுதினால் மறுவாரமும் அது நம் முகத்தைப் பார்க்கும் என்பது அவள் கட்சி. நோட்டை யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கையெழுத்து வாங்க வந்த முதல் ஆள் மாமாதான்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வேலையிடத்துப் பழக்கம் அது. குடிதண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது, முதலுதவிப் பெட்டி பார்க்கப்பட்டது, தீயணைக்கும் சிலிண்டர் சரி என்று தினசரிச் சீட்டுகள் ஒரு கட்டு இருக்கும். அடுத்த வாரத்துக்கான அத்தனை சீட்டையும் சனிக்கிழமை மத்தியானமே நிரப்பிவிடுவார்கள். ஸ்டோருக்குப் போன இரண்டாம் நாளே அந்தக் கலை அவருக்குக் கைவந்துவிட்டது. தேதி போட்ட நோட்டைக் கையில் கொடுத்தால் கை தானாக ஓடாதா?

மச்சினி பேனாவை மூடினாள்.

“கிரேனுக்கும் தினம் ஒரு சீட்டு உண்டுல்ல, மாமா? அதையும் சனிக்கிழமையே நிரப்பிடுவீங்களா?”

அவர் முகம் சிவந்தது. அவரை இப்படி யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் ஏணியேறி, இரும்புக் கயிற்றைக் கையால் தடவிப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, கொக்கியின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, காற்றுமானியைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு டிக்காகப் போடுவார். ஒருமுறை பெருமழை. சூப்பர்வைசர், இப்போதைக்கு டிக் போடுங்கள், பிறகு ஏறிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்க்காத கயிற்றுக்கு டிக் போட்டால் அந்தக் கயிற்றுக்குக் கீழே நீங்கள் நில்லுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் மொத்த வேலையும் நின்றது. இதையெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ‘நம்மளை நம்பி கீழ மனுஷங்க நிக்கிறாங்க, கயிறு எப்படி இருக்குன்னு பார்க்காம...’ என்று சொல்லும்போது வாக்கியம் நடுவிலேயே நின்றுபோனது.

கீழே ‘உஸ்... உஸ்...’ என்று காற்றடித்தார்கள்.

மச்சினி கண்ணாடிக் கடையில் எத்தனையோ பேரை எழுத்துப் பலகையின் முன் உட்காரவைத்தவள். கடைசி வரியை வாடிக்கையாளரே வாசிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அவர் அவளிடமிருந்து பேனாவை வாங்கினார். ஆறு பக்கங்களின் குறுக்கே கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் ‘ரத்து’ என்று எழுதி, தானே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எழுதியது இது:

‘இடது முழங்கால்: சத்தம் உண்டு. வலது முழங்கால்: சத்தம் இல்லை. முதுகு: ஆரம்பத்தில் இறுக்கம், இருபது நிமிடத்துக்குப் பின் இளகியது. கழுத்து: இடப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை, கேபினில் வலப்பக்கமே பார்த்துப் பழகியதால் இருக்கலாம். மனசு: எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.’

படுத்துக் கிடக்கும் ஆசனம் மனைவி நினைத்தது போல அவருக்கு ஒத்துவரவில்லை. தலைக்கு மேலே வானத்தைத் தவிர எதுவும் இல்லாமல் வேலை பார்த்தவருக்கு, மின்விசிறி ஒன்று நேர் மேலே தொங்குவது உறுத்தலாக இருந்தது. அதன் திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதையும் எழுதினார். ‘திருகு நான்கு. ஒன்று புதியது.’ ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் அவரை அசைக்க ஆளில்லை. பக்கத்துப் பாய்க்காரர்கள் ஆடி விழ, அவர் மட்டும் கம்பம் நட்டது போல நின்று ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். “மாமா, இது போட்டி இல்ல” என்று மச்சினி நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பழுது கண்ணில் பட்டது. ‘இரண்டு கைகளையும் மேலே தூக்கும்போது மூச்சு நின்றிருந்தது. கைகள் இறங்கிய பின்புதான் வந்தது. நான் நிறுத்தவில்லை. தானாக நின்றது.’

ஆறாம் நாளும் அப்படியே நடந்தது. கிரேன்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒருமுறை கேட்டால் அது சத்தம், இரண்டாம் முறை கேட்டால் அது பழுது. மேலண்ணன் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிந்தார். மூச்சு எங்கெங்கே நிற்கிறது என்று பொறிவைத்துப் பிடிக்க ஆரம்பித்தார். கொதிக்கும் பாத்திரத்தை மனைவி அடுப்பிலிருந்து தூக்கும்போது நின்றது. மகள் சைக்கிளில் பெரிய சாலையைக் கடந்தபோது, அவள் அக்கரை போய்த் திரும்பிக் கையாட்டும் வரை நின்றது. ஸ்டோரில் மேல் தட்டிலிருந்து ஹெல்மெட் பெட்டியை யாரோ எடுத்தார்கள். அப்போதும் நின்றது. பெட்டியில் இருந்தவை வெறும் பிளாஸ்டிக், விழுந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அவை விழுவதற்காகவே செய்யப்பட்டவை.

அன்று மத்தியானம் ஸ்டோர் வாசலில் நின்று மேலே பார்த்தார். மீசைக்காரர் ஒரு கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். அது லேசாக ஊசலாடியது. ஆள் மோசமில்லை, கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். கட்டு பதினோராம் மாடியில் இறங்கித் தளர்ந்தபோது மேலண்ணன் புஸ்ஸென்று மூச்சுவிட்டார். பக்கத்தில் நின்ற சிக்னல்காரர், “என்ன கீழண்ணே, கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் திறக்குறீங்க?” என்றார்.

கையுறைச் சீட்டின் பின்பக்கத்தில் அப்போதே எழுதினார். எதுவாக இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், அந்தரத்தில் இருக்கும்வரை என் மூச்சும் அந்தரத்தில் இருக்கிறது.

எப்போது தொடங்கியது என்று யோசித்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், தனியாகத் தூக்கிய முதல் சுமை. ஒரு ஜன்னல் கண்ணாடிக் கட்டு. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். பூ உதிர்வது போல இறங்கியது. மறுநாளும் பிடித்தார், மறுநாளும் பூ. அப்புறம் யார் விடுவார்கள்? ஒரு சுமைக்குக் கடைசி அரை நிமிடம் என்று வைத்தாலும், நாளைக்கு எண்பது சுமை. ‘தினமும் நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் வேலை பார்த்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு அந்த வரியைத் தானே நாலு தடவை வாசித்தார். வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு போய் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியிடம் வாசித்துக் காட்டினார். அவள் மெஷினை நிறுத்தினாள். அது அபூர்வமாக நடக்கும்.

“நான் பேசும்போதும் நிறுத்துவீங்களா?”

அவர் பொய் சொல்லப் பார்த்தார். மடியில் நோட்டு திறந்து கிடந்தது.

“நீ முக்கியமா எதையாச்சும் ஆரம்பிச்சா... ஆமா. எங்க போய் இறங்கும்னு தெரியாதுல்ல.”

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். “பதினேழு வருஷமா, நான் பேசி முடிச்ச உடனே உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விடுவீங்க. அப்பாடா, ஒருவழியா முடிச்சுட்டாடான்னு நினைக்கிறீங்கன்னுதான் நான் நினைச்சுட்டிருந்தேன்.”

“இல்ல. நீ பத்திரமா இறங்கிட்டேன்னு.”

அவள் பக்கத்திலிருந்த திரைச்சீலைத் துணியை எடுத்து அவர் தலைமேல் போட்டாள். அதற்குள்ளிருந்து அவர், துணிக்குள் மூச்சு நன்றாகவே வருகிறது என்று அறிக்கை கொடுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குள் அக்கா தங்கைக்குச் சொல்லி, எட்டுப் பாய்க்கும் செய்தி போயிருந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் வகுப்பே ஒன்றாகப் பெருமூச்சு விட்டது.

அதன் பிறகு வேலை எளிது, அலுப்பும்கூட. தூக்கும்போது உள்ளே, இறக்கும்போது வெளியே. கைகளைத் தூக்குவது, ஹெல்மெட் பெட்டியைத் தூக்குவது, தண்ணீர்க் குடுவையைத் தூக்குவது என்று எல்லாவற்றிலும் பழகினார். மீசைக்காரர் தூக்கும் சுமைகளைத் தள்ளி நின்று பார்த்தபடி இவர் மூச்சுவிட்டார். முதல் வாரம் பத்துக்கு இரண்டு தேறியது. மூன்றாம் வாரம் பத்துக்கு ஏழு. தவறியவற்றையும் எழுதினார். மனைவி பேச ஆரம்பித்தால் வேண்டுமென்றே பலமாக மூச்சு இழுப்பார். “ரொம்பப் பண்ணாதீங்க” என்பாள்.

மறுசோதனைக்கு ஐந்து நாள் முன்னால், மருந்துக்கடையில் பிரஷர் பார்த்துக்கொண்டார்கள். நூற்று நாற்பத்திரண்டு. இரண்டு புள்ளிதானே என்று மனைவி சொன்னாள். இரண்டு புள்ளி சாய்ந்தால் கிரேனே சாய்ந்துவிடும் என்றார் இவர். அன்றிரவு சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் வகுப்பில் எழுதினார்: ‘மனசு: பயம் உண்டு. எங்கே என்று இப்போது தெரிகிறது. நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் மேலே. கைவைத்தால் கொஞ்சம் அடங்குகிறது.’ இதை மட்டும் மச்சினியிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். கையெழுத்துக்கு இடம் எங்கே என்று கேட்டாள். இப்போதெல்லாம் விடுவதில்லை என்றார்.

சோதனை நாள் வந்தது. வேலையிடத்து ஆபீஸ் என்பது இரும்புக் கன்டெய்னருக்கு ஜன்னல் வைத்தது. வாசலில் பதினைந்து பேர் வரிசை. சிக்னல்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

“நம்ம பழைய டாக்டர் திரும்பி வந்துட்டாரு. மேலண்ணே, நீங்க ஏறியாச்சுன்னு வச்சுக்குங்க.”

ஒரு மாதத்துக்குப் பின் முதல் முறையாக ‘மேலண்ணே’. வரிசை மளமளவென்று நகர்ந்தது. மேசையில் பட்டை, சுருட்டியது பிரியாமல் அதன் பெட்டியிலேயே இருந்தது. டாக்டர் விடுமுறையில் நன்றாக ஓய்வெடுத்திருந்தார். மேலண்ணனைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். போன தடவை ஏதோ கூடுதலாக எழுதியிருக்கிறதே, புது டாக்டர், பயந்திருப்பீர்கள் என்று அவரே காரணமும் சொன்னார். முகத்தில் களை வந்துவிட்டது, நூற்றிருபத்தெட்டு தாராளமாகப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே சீட்டை இழுத்துத் தேதியை எழுதினார்.

பின்னாலிருந்து சிக்னல்காரர் முதுகில் விரலால் குத்தினார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் கை மெல்லத் திரும்பியது. மீசைக்காரர் ஒரு கண்ணாடிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு துண்டு வானமும் சேர்ந்து ஏறியது. அதற்குக் கீழே, தடுப்புக்கு அப்பால், ஆட்கள் நடந்து போனார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆற்றின் அக்கரையில் புதிய கிரேனின் அடித்தண்டு எழும்பியிருந்தது, வெயிலில் பளபளத்தது. முப்பத்திரண்டு மாடி. அங்கிருந்து பார்த்தால் ஆறு எங்கே வளைகிறது என்றுகூடத் தெரியும்.

டாக்டரின் பேனா சீட்டில் ‘1’ போட்டது.

மேலண்ணன் தன் மூச்சு நின்றிருப்பதைக் கவனித்தார். இந்த முறை அந்தரத்தில் இருந்தது யாருடைய சுமை என்றும் தெரிந்தது. உள்ளே இழுத்தார். வெளியே விட்டார். சட்டைக்குள் நோட்டு ஏறி இறங்கியது. பிறகு இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை மேசைமேல் நீட்டி வைத்தார்.

“டாக்டர், அந்தப் பட்டையை ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு எழுதுறீங்களா?”